ஒரு றாத்தல் ஒன்பது அவுன்ஸ்

"இண்டைக்குப் போட வேண்டாம் அக்கா. ஒரு அவுன்ஸ் எடுத்துவிடுங்கோ."

ஜூலியன் தன் குளிர் ஜக்கற்றைத் திறந்து, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த அரிசிப் பையை மெல்ல எடுத்துத் தராசில் வைத்தான். வெளியே ஸ்காபரோ முழுவதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலையும் தோளும் நனைந்திருந்தன. பையில் ஒரு துளி ஈரமில்லை.

"அரிசிக்குக் குளிராது தம்பி," என்று யோகமலர் வழமைபோலப் பகிடி விட்டாள். அவன் வழமைபோலச் சிரிக்கவில்லை.

அந்தத் தமிழ்க் கடையில் அவள் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். இப்படி ஒரு ஆளைக் கண்டதில்லை. மூன்று கிழமைக்கு முன்னர், மஞ்சள் பிளனல் துணியில் தானே தைத்த பையோடு வந்து, ஒரு றாத்தல் எட்டு அவுன்ஸ் பச்சையரிசி வாங்கினான். மறுநாள் அதே பையை, அதே அரிசியோடு கொண்டுவந்தான்.

முதற் கிழமை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னான். எடுத்த அரிசிக்குக் காசு திருப்பிக் கேட்கவில்லை. பிறகு நாளுக்கு அரை அவுன்ஸ் போடச் சொன்னான். பிறம்ரன் களஞ்சியத்தில் வேலை முடிந்து, மூன்று பஸ் மாறி, இதற்கென்றே வருவான்.

கடைப் பலகையில் விலை றாத்தலுக்கு எழுதியிருந்தாலும் தராசு கிலோவில்தான் காட்டும். ஒரு றாத்தல் பதினாறு அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் இருபத்தெட்டு கிராம் என்று ஒரு துண்டில் எழுதி, யோகமலர் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அந்தத் துண்டு அவனுக்காகவே.

"உது என்ன கணக்குத் தம்பி? ஒரேயடியா ரெண்டு கிலோ வாங்கினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மனுசி பஃபலோவிலை இருந்து சொல்லுற கணக்கு அக்கா. அங்கை றாத்தலும் அவுன்ஸும்தானே."

அவன் மனைவி றெஜினா, ஒரு கிழமை நின்றுவிட்டு வருகிறேன் என்று அமெரிக்காவுக்கு, பஃபலோவில் தமக்கை வீட்டுக்குப் போனவள். இன்னும் வரவில்லை. இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம்தான். ஆனால் அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. எல்லையைத் தாண்ட முடியாது.

அதற்குமேல் யோகமலர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதுமாக இருந்தது. பெண்சாதி விட்டுவிட்டுப் போய்விட்டாள். பொடியன் உலை வைக்க மனமில்லாமல் அரிசியைக் காவிக்கொண்டு திரிகிறான். நாளுக்கு நாள் அவன் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏதும் செய்துகொள்வானோ என்று அவள் பயந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலில் அவன் பெயருக்கும் ஒரு கற்பூரம் கொளுத்தினாள். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன் என்பது கடவுளுக்குப் பெரிய விஷயமாக இராது என்று நினைத்தாள்.

இன்றைக்கு வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற புனிதவதி, பால் பையை மேசையில் பொத்தென்று வைத்தார்.

"ஒரு பிடி அரிசிக்கு இவ்வளவு நேரமோ? கனடாவிலை நிண்டுகொண்டு அவுன்ஸ் கேக்கிறார். அவுன்ஸ் வேணுமெண்டால் அமெரிக்காவுக்குப் போகட்டுமன்."

"போக விட்டால் நான் ஏன் அன்ரி இஞ்சை வாறன்?" என்றான் ஜூலியன். குரலில் கோபம் இல்லை.

யோகமலருக்கு அது பொறுக்கவில்லை. அவள் அரிசியை எடுக்கவில்லை. பக்கத்துச் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிப் பைக்குள் போட்டாள். தராசு எண்ணூற்றைம்பதைத் தாண்டியது.

"இது என்ரை பங்கு, காசு வேண்டாம். வீட்டை போய் உலை வைச்சு ஒரு வாய் சாப்பிடும் தம்பி. இருக்கிறதிலையும் குறைச்சால் ஆள் என்னத்துக்கு ஆகும்?"

அவன் தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் முகம் மலர்ந்து கிடந்தது. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"இவ்வளவு இருந்தால் எவ்வளவு நல்லம் அக்கா. ஆனால் நாங்கள் அள்ளிப் போட்டு ஏறுற பாரம் இல்லை. நேற்றையைவிட ஒரு அவுன்ஸ் குறைஞ்சு போச்செண்டு மனுசி காலமை சொன்னவ. எடுத்துவிடுங்கோ."

யோகமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவன் கேட்ட விதத்தில் மறுக்கக் கை வரவில்லை. போட்டதை எல்லாம் எடுத்தாள். அதற்கு மேலும் ஒரு சின்னப் பிடி எடுத்தாள். தராசு எழுநூற்றுப் பத்தில் வந்து நின்றது.

"ஒரு றாத்தல் ஒன்பது அவுன்ஸ்," என்றான் அவன், செபம் சொல்வதுபோல.

அவள் பையின் வாயை நூலால் கட்டி, முடிச்சில் பிடித்துத் தூக்கி நீட்டினாள். ஜூலியன் பதறிப்போய் இரண்டு கைகளையும் பைக்குக் கீழே கொடுத்தான்.

"அப்பிடித் தூக்காதேங்கோ அக்கா. தலைக்குக் கீழை கை வையுங்கோ."

"அரிசிப் பைக்கு ஏது தம்பி தலை?"

அவன் பையை முழங்கை மடிப்பில் கிடத்தினான். ஜக்கற்றை இழுத்து அதைச் சுற்றி மூடினான்.

"குறைமாதத்திலை பிறந்த என்ரை மகளை நான் இன்னும் தூக்கிப் பார்க்கேல்லை, அக்கா."