கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, தம்பி

“தம்பி, கோவிக்காதேங்கோ… கொஞ்சம் நிப்பாட்டுறீங்களே?”

மாமனார் வரதராஜா அன்று காலையில் இப்படிக் கேட்பது இது மூன்றாவது தடவை. காரை ஓட்டிக்கொண்டிருந்த சிறிதரன் பல்லைக் கடித்தான்.

“இப்பதானே மாமா ஈடனிலை நிப்பாட்டினது!”

“வயசு போட்டுது தம்பி. அடக்கேலாமல் கிடக்கு.”

மெரிம்பூலா என்று பலகை வந்தது. கடலைப் பார்த்தபடி நாலு கடை, ஒரு பெற்றோல் செட், கண்ணுக்கு முன்னாலேயே கழிப்பறை. ஓரம் கட்டினான்.

“நீங்களும் வாங்கோ தம்பி. எனக்கு இஞ்சை இடம்வலம் தெரியாது.”

மாமனார் சொல்லைத் தட்டவா முடியும்? குளிர்காற்று முகத்தில் அறைய, கூடவே நடந்தான்.

முதல்நாள் டண்டினொங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து, நடுச்சாமத்தில் வீட்டுக்கு வந்தவனுக்கு வாசலிலேயே செய்தி காத்திருந்தது. சிட்னியிலிருந்து ட்ரங்க் கோல். மனைவி யோகாவின் தங்கை பாமாவுக்கு மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு ஒப்பரேஷன். வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுக்கவேண்டுமாம். ‘அப்பாவை ஒருக்கால் பாத்திட்டுத்தான் உள்ளுக்குப் போவன்’ என்று அழுகிறாளாம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

சிட்னிக்குப் போகிற நேர்வீதியில் வெள்ளம். கடற்கரை வீதியால் சுற்றித்தான் போகவேண்டும். உடுப்புக்கூட மாற்றாமல் பழைய ஹோல்டன் காரைக் கிளப்பினான் சிறிதரன்.

“இஞ்சருங்கோ, ஒரு மணித்தியாலமாவது படுத்திட்டு வெளிக்கிடுவமே?” என்றாள் யோகா.

“எனக்கு நித்திரை வருதெண்டு நான் சொன்னனானே? உம்மடை அப்பாவுக்கு முன்னாலை என்னைச் சின்னப்பிள்ளை ஆக்காதையும்!”

மாமனார் காதில் விழாதவர் மாதிரிச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

யோகா பின்சீட்டில் சுருண்டு படுத்தவள்தான். முன்சீட்டு மனுஷனுக்கு மட்டும் வாய் ஓயவில்லை.

“தம்பி, இந்த மாடுகளுக்கு ஏன் கொம்பில்லை?”

“தெரியாது மாமா. கொஞ்சம் பேசாமல் வாறீங்களே?”

“ஓம் தம்பி.”

ஒரு வளைவு தாண்டவில்லை.

“தம்பி, இந்தக் கடலும் எங்கடை பருத்தித்துறைக் கடலும் ஒண்டுதானே?”

நரூமாவில் மறுபடி இறங்கினார். பேட்மன்ஸ் பேயில் தேத்தண்ணி கேட்டார். அதையும் காருக்குள் இருந்து குடிக்கமாட்டாராம்; கடற்கரையில் நின்றுதான் குடிப்பாராம்.

“உப்புத்தண்ணியிலை முகத்தைக் கழுவுங்கோ தம்பி. உடம்புக்கு நல்லது.”

சிறிதரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகள் அங்கே கண்ணீரோடு கிடக்கிறாள். இந்த மனுஷன் இங்கே கடல் பார்க்கிறார்! கண்ணோ மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிந்தது. முகத்தை அலம்பிக்கொண்டு மறுபடி ஓட்டினான். நௌராவிலும் நிப்பாட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. பாமாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

“கடைசி மட்டும் வாசலைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ, மாமா” என்றான் பாமாவின் கணவன் மகேந்திரராஜா.

வரதராஜா பக்கத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

சிறிதரன் வெடித்தான். “நான் என்ன செய்யிறது? பறந்து வந்திருப்பன். ஊருக்கு ஊர் இவருக்கு இறங்கவேணும்! முதல்லை ஒரு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“ஒரு போத்திலாவது கொண்டு வந்திருக்கலாமே மாமா?” என்றான் மகேந்திரராஜா கசப்போடு.

அங்கே நின்ற இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓம் தம்பி. என்ரை பிழைதான்.”

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் சிரித்தபடி வந்தாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். மகேந்திரராஜா உள்ளே ஓடினான். வரதராஜா கண்ணை மூடிக் கைகூப்பினார்.

என்னதான் கோபமென்றாலும் விடியத் தொடங்கியதிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனுஷனாயிற்றே என்று சிறிதரன் தேத்தண்ணி வாங்கப் போனான். கோப்பைகளோடு திரும்பியவன், தூண் மறைவில் யோகாவின் குரல் கேட்டு நின்றான்.

“நாளைக்கே டொக்டரிட்டைப் போவம் அப்பா. எப்ப துடக்கம் உங்களுக்கு இந்த வருத்தம்?”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை. விடியப்புறம் கார்ச் சில்லு ரோட்டை விட்டு இறங்கினது. பாத்தா, தம்பிக்குக் கண் மூடியிருக்கு. நித்திரை தூங்கிறீங்கள் எண்டு மருமகனுக்கு மாமன் சொல்லேலுமே? அதுதான், அவருக்குக் கண் சொருகேக்கையெல்லாம் எனக்கு முட்டுது எண்டு சொன்னனான்.”

யோகா விம்மினாள். “ஐயோ அப்பா, பாமா உங்களைக் காணாமலே உள்ளுக்குப் போட்டாளே…”

“என்ன செய்யிறது பிள்ளை? பின்சீட்டிலை நித்திரையாக் கிடந்தவளும் என்ரை மகள்தானே.”