சிவப்பை விட்டுப் போகாத காய்

ஜன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கும், வழக்கத்தைவிடப் பெரிய ஒரு பழைய சதுரங்கத்தின் காய்களை நான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு காய்களுக்குக் கழுத்து நீளம், காது இல்லை. “உடைஞ்ச குதிரைன்னு எழுதி உடைசல் பெட்டியில போடும்மா,” என்கிறார் மேலாளர். அந்தப் பெட்டி நாளை குப்பைக்குப் போகிறது. “குதிரை இல்ல சார், ஒட்டகம். அந்தக் காலத்துப் பெரிய சதுரங்கத்துல இருந்த காய். மூணு கட்டம் நேரா, ஒண்ணு பக்கவாட்டுல தாவும்.” “அடேங்கப்பா! உங்க வீட்ல செஸ்ஸெல்லாம் ஆடுவாங்களா?” எனக்குக் காது சுடுகிறது. “எங்க வீட்ல பள்ளிக்கூடமே யாரும் போனதில்ல சார். அதான் எதையும் திருப்பிப் பாக்காம நான் எழுதுறதில்ல.” காய்களைக் கவிழ்த்து வைக்கிறேன். பலகையின் சிவப்பு, கறுப்புக் கட்டங்களின் சாயம் காய்களின் அடியில் ஒட்டிய துணியில் ஏறியிருக்கிறது. குதிரைகளில் சிவப்பும் கறுப்பும் கலந்திருக்க, ஒட்டகம் ஒன்றில் சிவப்பு மட்டும், மற்றதில் கறுப்பு மட்டும். “குதிரை தாவுறப்பல்லாம் நிக்கிற கட்டத்தோட நிறம் மாறும். ஒட்டகம் எத்தனை தடவை தாவினாலும் தன் நிறத்தை விட்டுப் போகாது.” அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்குகிறார். சிவப்பேறிய ஒட்டகத்தைப் பலகையின் சிவப்புக் கட்டத்தில் வைத்து, விரலால் எண்ணித் தாவவிடுகிறார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. வெயிலில் தூசி மினுங்குகிறது. உடைசல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறக்கிறார். “வாம்மா, இதுல வேற என்னத்தயெல்லாம் தூக்கிப் போட்டிருக்கேன்னு பாப்போம்.”