நூற்றுக்கு ரெண்டு

"வருஷா வருஷம் நூற்றுக்கு ரெண்டோ? உது பட்டப்பகல் கொள்ளை, பிள்ளை."

பரமலிங்கம் போட்ட சத்தம் அந்த முதலீட்டுக் கொம்பனிக் கந்தோரின் கண்ணாடிக் கதவு வரைக்கும் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நிரோஜா, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமும் ஆகாத பெட்டை, விளம்பரத் தாளை நேராக்கி வைத்தாள்.

மனுசன் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. சந்தையில் முப்பது வருஷம் மொத்த மரக்கறி யாவாரம் செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு முப்பது லட்சம். ஒரே மகன் கஜீவன். இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்து நடக்கமாட்டான், ஒருத்தர் ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. தானும் மனிசியும் கண்ணை மூடின பிறகு அவனை ஆர் பார்க்கிறது? அந்த ஒரு யோசனைதான் பரமலிங்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. வங்கி வட்டியை நம்பினால் விலைவாசி விழுங்கிப்போடும், சுட்டெண் நிதியத்தில் போடுங்கோ என்று ஆரோ சொல்லத்தான் படியேறி வந்திருந்தார்.

நிரோஜா வடிவாகத்தான் விளங்கப்படுத்தினாள். கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிற பெரிய கொம்பனிகளின் பங்குகளை ஒரு பட்டியல்படி வாங்கி வைப்பார்களாம். அதில் ஒருத்தருடைய கெட்டித்தனமும் கிடையாது. பட்டியல் ஏறினால் காசும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மனுசன், தாளின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த, கொம்பனி தனக்கென்று எடுக்கிற 'செலவு வீதம்' கண்ணில் பட்டதும்தான் சத்தம் போட்டார்.

"ஆரோ எழுதின பட்டியலைப் பாத்து வாங்கிறதுக்கு ரெண்டு வீதம். சரி, நட்டம் வந்தால்?"

"நட்டம் வந்தாலும் எடுப்பினம் ஐயா."

"முப்பது லட்சத்துக்கு அறுபதினாயிரம். மாசம் ஐயாயிரம்." கணக்குப் போட அவருக்கு மெஷின் தேவைப்படவில்லை. "என்ரை பிள்ளையின்ரை சோத்திலையெல்லோ வெட்டுறியள்."

அதோடு விட்டாரா? இது முப்பது வருஷம் தராசு பிடித்த கை, ஒரு கிராம் பிசகினது கிடையாது, அடுத்தவன் உழைப்பில் வெட்டி எடுக்கிற காசு உடம்பில் ஒட்டாது என்று ஒரு பிரசங்கமே வைத்தார். நிரோஜா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவருக்கே பாவமாகப் போய்விட்டது. உந்தப் பெட்டை என்ன செய்யும், கொம்பனி சொல்லுறதைச் சொல்லுது. குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"ஒருக்கால் இருங்கோ ஐயா."

முகாமையாளரின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு நிரோஜா குரலைத் தாழ்த்தினாள். இதே பட்டியலை வைத்து இதே பங்குகளை வாங்குகிற வேறை கொம்பனி ஒன்று இருக்கிறது, அங்கே செலவு முக்கால் வீதம்தான் என்றாள். ஒரு துண்டில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

முக்கால் வீதமென்றால் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரே தோட்டத்துக் கத்தரிக்காய், கடைக்குக் கடை வேறை விலை. பரமலிங்கம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை உம்மட்டையே எடுக்கலாமோ?"

"இல்லை ஐயா. நீங்கள் அங்கை போனால் எனக்கு ஒரு சதமும் வராது."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா? அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பெத்த தாய் தேப்பன் குடுத்து வைத்தவர்கள் என்று வாயாரச் சொன்னார். பிறகு, யாழ்ப்பாணத்தான் கேட்காமல் விடாத கேள்வியையும் கேட்டார்.

"நீர் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?"

"சண்டிலிப்பாய், ஐயா. வாகீசன்ரை மகள்."

குடை பிடித்த கை அப்படியே நின்றது. பதினைந்து வருஷமாகத் தோட்டத்திலிருந்து அவருடைய கடைக்கு மரக்கறி கொண்டுவந்து போடுகிற வாகீசன்.

"சின்னனிலை அப்பாவோடை வந்து உங்கடை தராசடியிலை நிண்டிருக்கிறன்," என்றாள் நிரோஜா. குரலில் கோபம் இல்லை. "நீங்கள் சொன்னது சரி ஐயா, உங்கடை தராசு ஒருநாளும் பிசகாது. நூறு கிலோ எண்டு காட்டும். நீங்கள் தொண்ணூறு எண்டு எழுதிக் காசு குடுப்பியள்."



"அது கழிவு, பிள்ளை. பழுதாய்ப் போறதுக்கெண்டு எடுக்கிறது. எல்லாரும் எடுக்கிறதுதானே."

"ஓம் ஐயா. விலை விழுந்த நாளிலையும் எடுப்பியள்."

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. துண்டை மடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார் மனுசன். பிறகு கேட்டார்.

"நான் ஆர் எண்டு தெரிஞ்சுகொண்டோ பிள்ளை எனக்கு உதைக் காட்டினனீர்?"

"வெட்டுக் குடுத்த வீட்டுப் பிள்ளை ஐயா நான். இன்னொரு பிள்ளையின்ரை சோத்திலை வெட்ட மனம் வரேல்லை."