அடுப்புப் பரீட்சை

"என் சமையல் வாசனைக்கு நாலு தெரு நாயும் வரிசையில வந்து நிக்கும், மாமா! காது வரைக்கும் போர்த்திக்கிட்டுத் தூங்கற நீங்களே எழுந்து ஓடி வருவீங்க, பாருங்க!"

மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓடியா? நானா? நடக்காது. நாய் வந்தா மட்டும் சொல்லி அனுப்பு, வேடிக்கை பார்க்கறேன்."

சவால் விட்டவள் ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. வயது பதினைந்து. முட்டையை உடைக்கத் தெரியும்; உடைத்தது எங்கே போய் விழும் என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சோதனை வந்திருந்தது. அம்மாவுக்குத் துணி ஆலையில் நாளையிலிருந்து மாலை ஷிஃப்ட். குண்டூசி தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிச் சாப்பிடக் கற்றுக்கொண்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அத்தை வீடு, வேறு பள்ளிக்கூடம். அத்தை வீட்டில் தும்முவதற்கே முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும்.

"என் தம்பி சரின்னா சரி. அவன் தலையாட்டலைன்னா நீ மூட்டை கட்டு," என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

தம்பி என்றால் சும்மாவா? பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். அவர் மூடியைத் திறந்தால் குழம்பே எழுந்து நின்று, "ஐயா, உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்று ஒப்புக்கொள்ளும். ஏதோ காய்ச்சலில் படுத்து எழுந்து, அக்கா வீட்டுக்கு லீவில் வந்திருந்தார். வந்தவர் கரண்டியைத் தொடவே இல்லை.

"லீவுல எந்த ராஜா வாளைத் தூக்குவான்?" என்பார். ராஜாவின் லீவு அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது.

அவருடைய திறமையைப் பார்த்துக் குண்டூசிக்குத் திறந்த வாய் மூடவில்லை. வாயில் வைக்காமலே சொல்லிவிடுவார்! கூடத்தில் உட்கார்ந்தபடி, "எண்ணெய் இன்னும் காயலை. சத்தமே சோகமா இருக்கு பாரு," என்பார். தட்டை ஒரு பார்வை பார்த்து, "உருளைக்கிழங்கு வேகலை," என்பார். வேகவில்லைதான். அதைக் கடித்த அம்மாவின் கடைவாய்ப் பல் இன்றுவரை அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மறுநாள் அவித்த முட்டை கை தவறி விழுந்து, துள்ளி, ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் மாமா, "நீ சொல்லுக்கா, எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"பாத்தியாடி? தன் வாயால சொன்னா உன் மனசு நோகும்னு என்கிட்டக் கேக்கறான். பெருந்தன்மை!" என்பாள் அம்மா.

ஒருநாள் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் தீய்ந்து, மாடிக்காரர்கூட இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். மாமாவோ பக்கத்திலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீயே கத்துக்கணும்ல?"

மனுஷன் மலை என்று நினைத்துக்கொண்டாள் குண்டூசி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பரீட்சை. காலையில் மிஞ்சிய சோறு, ஒரு வெங்காயம், ஒரு கைப் பூண்டு, இரண்டு முட்டை, மிளகுத்தூள். கால் மணி நேர வேலை. கையில் காசில்லாத வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விருந்து.

"ஆனதும் எழுப்பு," என்று மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திப் படுத்தார்.

எண்ணெய் காய்ந்தது. பூண்டு விழுந்தது. ஊசிப் பட்டாசு மாதிரி பொரிந்தது. அந்த நேரம் பார்த்து மொட்டை மாடியிலிருந்து அம்மா கத்தினாள்: "அடியே, மழை தூறுது! துணியைப் பிடி!"

குண்டூசி படியேறி ஓடினாள். ஒரு கொடித் துணிதானே, ஒரே நிமிஷம் என்று நினைத்தாள். துணி நிமிஷம் வேறு, பூண்டு நிமிஷம் வேறு.

பாதிப் படியில் இறங்கும்போது கீழே கதவு படாரென்று சுவரில் மோதியது.

"பூண்டு! ஐயோ, பூண்டு கருகுது!"

தாயும் மகளும் உள்ளே பாய்ந்தார்கள். மாமா அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தார். போர்வை காலில் சுற்றியிருந்தது, மூச்சு இரைத்தது. சட்டியில் பூண்டு கரித்துண்டாகக் கிடந்தது.

"போச்சும்மா," என்றாள் குண்டூசி. "நான் பையை எடுத்து வெச்சுக்கறேன்."

மாமாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சட்டியை முகத்தருகே தூக்கி, மூச்சை இழுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். வெங்காயத்தை எடுத்து முகர்ந்தார். மிளகுத்தூள் டப்பாவைத் திறந்து, தும்மி, சிரித்தார். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்து, ரோஜாப்பூவைப் போல மூக்கில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

அம்மா பயந்துபோனாள். "டேய் தம்பி, என்னடா இது? அவ்வளவு மோசமாவா சமைச்சிருக்கா?"

"அவளை எங்கேயும் அனுப்பாதேக்கா. வேற பூண்டு போட்டுக்கலாம், நான் கூட நிக்கறேன்."

"கருக்கினவளுக்கா பாஸ் போடறே?"

மாமா சோப்பை விடாமல் குண்டூசியை நிமிர்ந்து பார்த்தார்.

"லீவெல்லாம் பொய்க்கா, வேலையை விட்டுட்டுத்தான் வந்தேன், அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியலை, எந்த ருசியும் தெரியலை. நடக்காதுன்னு சொன்னேன்ல குண்டூசி, நடந்துடுச்சுடி... உன் சமையல் வாசனைக்குத்தான் நான் எழுந்து ஓடி வந்தேன்."