லேசாகத்தான் வந்தது

பேச்சியம்மாள் கழிப்பறையிலிருந்து வந்தாள். முந்தானைக்குள் மறைத்திருந்த டப்பாவைப் புருஷன் கையில் திணித்தாள்.

அவன் அதன்மேல் ஒட்டியிருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டான். கொண்டுபோய் லேப் ஜன்னலில் வைத்தான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

மஸ்கட் வேலைக்கான மருத்துவச் சோதனை. தேறினால் விசா. தேறாவிட்டால் அவனுக்கு வேறு போக்கில்லை. கொரோனாவில் ஊர் திரும்பிய நாளிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவள் சுற்றும் பீடியில்தான்.

அந்தக் கொரோனா இருவருக்கும் லேசாகத்தான் வந்தது. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் இருமல். கஞ்சி குடித்தே தேறிவிட்டார்கள்.

பக்கத்துத் தெரு தவசிக்கும் லேசாகத்தான் வந்தது. இதே சோதனையில்தான் கிட்னி கெட்டிருக்கிறது என்று அவனைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது டயாலிசிஸுக்குப் போய்வருகிறான்.

அதைக் கேட்டதிலிருந்து இவனுக்குத் தன் காலும் வீங்கியது போலவே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பேச்சிக்கு என்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரத்தம் நல்லாத்தான் இருக்கு. மூத்திரத்துலதான் புரதம் கொட்டுது, ரத்தமும் கலந்திருக்கு. கொரோனா வந்துச்சா?”

“லேசாத்தான் சார்.”

“லேசா வந்தவங்க சில பேருக்கும் கிட்னியில கை வச்சிருது. வெளிநாடு இப்ப முடியாது. நாள் கடத்தாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

மஸ்கட் போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தான்.

பிறகுதான் உறைத்தது.

அப்படி நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் இனி எந்தச் சோதனைக்கும் அவனை வாசலில் சேர்க்கமாட்டார்கள்.

“சார்.” கதவுப் பக்கம் கை காட்டினான். “அது எம் பொண்டாட்டியோடது.”

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

“அவங்களக் கூப்பிடுங்க.”

அவன் கதவைத் திறந்து கையசைத்தான்.

நல்ல சேதிக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்து டாக்டரைக் கும்பிட்டாள்.

“இவுக எப்பம் பொறப்படணும் சார்?”