எதிரிக்கு மூளை

எதிரிகள் கூட்டம் கூட்டமாகச் சாவதைப் பார்க்கப் பார்க்க அமீர் ஹம்சாவுக்கு வயிறு எரிந்தது. வேற்றுக் கிரகத்துப் படையாம், படை! வெட்கமில்லாமல் தினமும் அதே இடது மூலையில் இறங்கி, அதே இடத்தில் செத்துத் தொலைத்தது.

கொன்றவன் வேணு. வேலைவெட்டி கிடையாது. மதகடிப்பட்டு கூட்டுரோட்டில், மனைவி பரிதாவின் வளையலை விற்று ஹம்சா வாங்கி வைத்த வீடியோ கேம் பெட்டியில் காலையில் ஒரு காசைப் போடுவான். தோற்றால்தானே அடுத்தவன் ஆட முடியும்? சாயந்திரம்வரை எழுந்திருக்க மாட்டான். மற்றவர்கள் நின்று பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பரிதா சொல்லிவிட்டாள்.

"இதுங்களுக்கு மூளையே இல்ல பாய். எங்க வூட்டு கோழி தேவலாம்," என்றான் வேணு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹம்சாவுக்கு வேணுவைவிட அந்தப் படையின் மேல்தான் ஆத்திரம். ஆகாயம் தாண்டி வரத் தெரிந்த மூதேவிகளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வரத் தெரியாதா? பாண்டியிலிருந்து மெக்கானிக் மணவாளனை வரவழைத்து, எதிரிக்கு ஏதாவது தந்திரம் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். மணவாளன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்து ஏதோ செய்து மூடினான்.

மறுநாள் வேணு உட்கார்ந்த சூட்டோடு தோற்றான். மறுபடி காசு போட்டான், மறுபடி தோற்றான். பொத்தானைக் குத்திக் குத்திக் கட்டைவிரல் சிவந்துபோனது.

"நான் சுடப்போறது அதுங்களுக்கு முன்னாடியே தெரியுது பாய்," என்றான் முகம் வெளுத்து.

செய்தி பரவியது. புத்தி வந்த எதிரியைப் பார்க்கத் திருபுவனை ஃபாக்டரி ஆட்கள்கூட ஷிஃப்ட் முடிந்து வந்து, வரிசையில் நின்று தோற்றார்கள். எதிரி பதுங்குகிறான், ஆளைப் பார்த்து ஆடுகிறான் என்று டீக்கடையில் ஆளாளுக்கு வியாக்கியானம் வேறு.

ஹம்சாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை மணவாளன் வந்தபோது நாற்காலி போட்டு, சர்பத் கொடுத்து, அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தாய் என்று காதோரம் குனிந்து கேட்டார்.

வரிசையில் நின்றவர்களைப் பார்த்து மணவாளன் உதட்டைப் பிதுக்கினான்.

"எதிரிங்க அதே மாங்கா மடையனுங்கதான் பாய். சுடற பட்டனுக்கு அடியில சைக்கிள் டியூப்பு வெட்டி வச்சேன், மூணு தட்டு தட்டினா ஒண்ணுதான் சுடும்."