சமையலறைச் சுவரில் இரண்டு கோடுகள்

“அறுபத்தெட்டு வயசுல மாசம் அரை சென்டிமீட்டர் வளர்றேன். இப்பிடியே போனா லைட்ஹவுஸுக்கு நான்தான் பல்பு மாட்டணும்.” சின்னக்கண்ணு தாங்கள் குடியிருக்கும் சாரம் பேட்டை முழுக்க இதைச் சொல்லித் திரிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிநேகிதர் வேங்கடபதி மட்டும், “டேப்புல கோளாறு” என்றார்.

எலும்பு தேய்கிறதா என்று கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதனால் மாதம் முதல் தேதியில் இருவரும் வேங்கடபதி வீட்டுச் சமையலறைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று ஒருவரையொருவர் அளந்துகொள்வார்கள். இருவரும் மில்லில் வேலை பார்த்த நாட்களிலிருந்தே வேங்கடபதிதான் நெட்டை. அந்தப் பெருமை அவருக்குப் பென்ஷனைவிடப் பெரிது.

இரண்டு வருட அளவுகளை அவரே கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தார். நூற்று எழுபத்தொன்றிலிருந்து தன் கோடு இறங்கியது. நூற்று ஐம்பத்தொன்பதிலிருந்து சின்னக்கண்ணுவின் கோடு ஏறியது. எந்த மாதத்து அளவுகளைக் கூட்டினாலும் இருவரும் சேர்ந்து முந்நூற்று முப்பது. தையல்கடை டேப்பும் அதையே சொன்னது, கொத்தனாரின் இரும்பு டேப்பும் அதையே சொன்னது.

இந்த முதல் தேதி, வேங்கடபதியின் மனைவி அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து சின்னக்கண்ணு பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, பரண்ல இருக்கற புளிப்பானைய எடுத்துக் குடுங்க.”

நாற்பது வருடம் வேங்கடபதி எடுத்துக் கொடுத்த பானை அது. அவர் “நவுருடா” என்று எம்பினார். விரல் பரணைத் தொடவில்லை.

சின்னக்கண்ணு குதிகாலைக்கூடத் தூக்காமல் பானையை இறக்கினார்.

வேங்கடபதி அண்ணாந்து அவரையே பார்த்தார்.

“வளந்துதான்டா இருக்க. அத்தனையும் என்னோடது.”